தோளில் இரண்டு நட்சத்திரம்

படைவீரர் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் பதில் அளிக்கிறார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் அதிகாரியும் அவருக்குக் கீழே உள்ள ஜவான்களும் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதே அது. நான் காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 31 ஆண்டுகள் கழித்து சுபேதார் மேஜராக வெளியே வந்தவன். பல லெப்டினென்ட்டுகள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். அதனால் என் பட்டாலியனின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: சுபேதார் மேஜர் சாப், சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து எட்டு மாதம் ஆகிறது. வயது 23. என் பிளாட்டூன் ஜவான்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். இருவர் என் மாவட்டம். தனியாக இருக்கும்போது என்னை ‘அண்ணா’ என்று அழைக்கிறார்கள். மாலையில் சேர்ந்து வாலிபால் ஆடுகிறோம். போன வாரம் ஒருவரின் பிறந்த நாளுக்குத் தாங்கள் தங்கும் பாரக்குக்கு அழைத்தார்கள். போய், அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து ரம் குடித்தேன். மறுநாள் கம்பெனி கமாண்டர் கடுமையாகக் கண்டித்தார். ஜவான்களிடம் அன்பாகப் பழகுவது தவறா? – லெப்டினென்ட், வடக்கு எல்லை

பதில்: வணக்கம் சாப். என் இளைய மகனைவிட நீங்கள் சின்னவர். ஆனாலும் பதவியில் மேலே இருக்கும் உங்களை சாப், அதாவது ஐயா, என்று அழைப்பதுதான் எனக்கு முறை. வயதுக்காக அந்த முறையை நான் தளர்த்த மாட்டேன்.

அன்பு தவறில்லை. வாலிபாலும் தவறில்லை. மாலை விளையாட்டில் அதிகாரி இறங்கி ஆடாத பிளாட்டூனில் நான் இருக்க விரும்பியதில்லை. புதிதாக வரும் லெப்டினென்ட்டை முதல் சில வாரங்கள் ஜவான்களின் பாரக்கிலேயே தங்கவைத்து, லங்கர் என்னும் அவர்கள் சமையற்கூடத்துச் சாப்பாட்டையே சாப்பிடவைக்கும் வழக்கம் பல காலாட்படை பட்டாலியன்களில் உண்டு. எவன் எந்நேரம் எழுகிறான், எவன் வீட்டுக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான், எவன் ரொட்டி இறங்காமல் சோற்றுக்கு ஏங்குகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே உங்கள் கமாண்டர் கோபப்பட்டது நெருக்கத்துக்காக அல்ல.

1997 குளிர்காலம். காஷ்மீரில் ஒரு மலைப் போஸ்ட். நான் கம்பெனி ஹவில்தார் மேஜர். டியூட்டி பட்டியல் என் கையில். எங்களுக்கு ஒரு லெப்டினென்ட் இருந்தார். கால்பந்து ஆடுவார், கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பார். தங்கமான மனிதர். அவர் ஊர்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவனிடம் அவருக்குத் தனிப் பிரியம். மாலையில் அவருடைய பங்கரில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த முறுக்கைப் பங்கிட்டுத் தின்பார்கள். அதில் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஒரு நாள் இரவு 2 மணி சென்ட்ரி டியூட்டி அந்தச் சிப்பாய்க்கு வந்தது. கால் வலி என்றான். “வேறு ஒருவரைப் போடுங்கள், ஹவில்தார்” என்றார் லெப்டினென்ட். அந்த ஒரே ஒரு முறைதான். மூன்றாம் வாரம் இன்னொரு சிப்பாயை 2 மணிக்கு எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: “எங்கள் வீட்டிலிருந்தும் முறுக்கு வரட்டும், எனக்கும் கால் வலிக்கும்.”

அந்த வார்த்தையை நான் லெப்டினென்ட்டிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். பத்து நாள் கழித்து ஒரு ரோந்து. பனி மூடிய சரிவில் முதல் ஆளாக யார் போவது? முறைப்படி அந்த முறுக்குச் சிப்பாயின் செக்ஷன்தான் முன்னே போக வேண்டும். லெப்டினென்ட் சில நொடி தயங்கி, வேறு செக்ஷனின் பெயரைச் சொன்னார். முப்பது பேரும் அந்தத் தயக்கத்தைப் பார்த்தார்கள். போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். அன்றிரவு அவர் என்னிடம் சொன்னார்: “ஹவில்தார், அவனை முன்னால் அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.” அடுத்த ரோந்திலிருந்து அவரே முதல் ஆளாக நடந்தார். பரிகாரம் என்று நினைத்துச் செய்தார். அதுவும் சரியில்லை, சாப். பிளாட்டூன் கமாண்டர் முதல் ஆளாக நடந்தால் பின்னால் வருபவர்களை யார் பார்ப்பது?

யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலை. அந்த முடிவு சில நாள் உயிர் சம்பந்தப்பட்டதாக இருக்கும். அதை எடுக்கும் நொடியில் முப்பது பேரும் உங்களுக்கு ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரம் உங்கள் கௌரவத்துக்காக வைத்தது என்று எண்ணாதீர்கள். கால் வலிக்காதவனுக்கும் நியாயம் கிடைக்க வைத்தது அது.

இப்போது ரம். படாகானா என்னும் பெருவிருந்தில் நீங்கள் ஜவான்களோடு உட்காருகிறீர்கள். கமாண்டிங் ஆபீசரே கரண்டி பிடித்துப் பரிமாறுகிறார். எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதிகாரிகள் ஒரு கிளாஸ் எடுத்து, இரண்டு பாட்டுக் கேட்டு, நேரத்தோடு எழுந்து போகிறார்கள். ஜவான்கள் இஷ்டப்படி ஆடிப்பாட வேண்டும் என்பதற்காகவே எழுந்து போகிறார்கள். பாரக்கில் இரவு பத்து மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தால் உங்களை எழுந்து போகச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் இல்லை. போதையில் ஒருவன் ஒரு வார்த்தை விட்டுவிட்டான் என்றால் காலையில் என்ன செய்வீர்கள்? தண்டித்தால் அவனை நீங்களே குழிக்குள் இழுத்ததாகும். விட்டுவிட்டால் அடுத்த வார்த்தை பகலிலேயே வரும். பிறந்த நாளா? பாரக்குக்குப் போங்கள், எல்லோர் முன்னிலையிலும் வாழ்த்துங்கள், ஒரு துண்டு இனிப்பு வாயில் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்த மாதம் இன்னொருவன் பிறந்த நாளுக்கும் அதே பத்து நிமிடம் போங்கள்.

‘அண்ணா’ என்பதை அந்த இருவரிடமும் தனித்தனியாக, சிரித்த முகத்தோடு நிறுத்துங்கள். “ஊருக்கு வந்தால் உன் அம்மா கையால் சாப்பிடுகிறேன், இங்கே நான் உன் சாப்” என்று சொன்னால் நம் பையன்களுக்குப் புரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் மூவரும் தமிழில் பேசிக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்கும் பஞ்சாபியும் ஒடியாக்காரனும் என்ன நினைப்பார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பிளாட்டூன் நடுவில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஜவான்களை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே பிரியமாக அழைக்கிறது. அந்தப் பிரியம் எல்லோர் காதிலும் விழுகிறது, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை.

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜன் வீழ்ந்தபோது அவரோடு சேர்ந்து சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிர் கொடுத்தார். ஒருவருக்கு அசோக சக்கரம், மற்றவருக்கு சௌர்ய சக்கரம். மேஜரும் உங்களைப் போலப் பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர்தான். அந்த இருவர் பெயரையும் நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். அதைவிட நெருக்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் பிளாட்டூன் ஹவில்தாருக்கு 38 வயது. நான் பால்வாடிக்குப் போன ஆண்டில் ராணுவத்தில் சேர்ந்தவர். எதைச் சொன்னாலும் ‘சரி சாப்’ என்பார், பிறகு தன் விருப்பப்படியே செய்வார். போன மாதம் ஆயுதப் பரிசோதனையில் பொறுமை இழந்து, ஃபால்-இன் அணிவகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். இப்போது அவர் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்கலாமா? – லெப்டினென்ட், ராஜஸ்தான்

பதில்: சாப், இதே காட்சியை நான் நாயிப் சுபேதாராக இருந்தபோது பார்த்தேன். எல்.எம்.ஜி. என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் குழலில் துரு. லெப்டினென்ட் விரலை விட்டு எடுத்து, அந்தச் சிவப்புக் கறையை ஹவில்தாரின் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினார். ஹவில்தார் அட்டென்ஷனில் நின்றார். கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. பின்வரிசைப் பையன்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாலை ஏழு மணிக்கு லெப்டினென்ட்டின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. “சாப், துரு இருந்தது உண்மை. நீங்கள் கேட்டதும் நியாயம். ஆனால் நாளைக் காலையில் அந்த ஹவில்தார் பத்துப் பேரிடம் வேலை வாங்க வேண்டும். அவருடைய குரலை இன்று நீங்கள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்” என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நாளை ஃபால்-இன்னில் மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்திருந்தால் லெப்டினென்ட்டின் குரலும் போயிருக்கும், ஹவில்தாருக்கும் கூச்சம்தான் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் காலை லெப்டினென்ட் கோத்துக்குப் போனார். ஆயுதக் கிடங்கை நாங்கள் கோத் என்போம். அந்த எல்.எம்.ஜி.யை வாங்கி ஹவில்தார் முன்னால் வைத்து, “நேற்று நான் கத்திய முறை தவறு. துரு எப்படி வந்தது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்றார். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்து இழுத்தார்கள். முதல் துணி பழுப்பாக வந்தது, இரண்டாவது சாம்பல், நான்காவது வெள்ளை. நாற்பது நிமிடம். எண்ணெய் டின்னின் மூடி சரியாக மூடாமல், தண்ணீர் இறங்கிய எண்ணெயைப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஹவில்தார் அன்று மாலையே எல்லாத் துப்பாக்கிகளையும் இறக்கிவைத்துத் துடைக்கவைத்தார். யாரும் சொல்லாமலே.

தனியாகக் கேளுங்கள் சாப், அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கத் தேவையில்லை. ‘சரி சாப்’ என்று சொல்லிவிட்டுத் தன்னிஷ்டப்படி செய்கிறாரே, அதையும் அந்தத் தனிமையிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் அப்படிச் செய்யும் ஹவில்தார்கள் பெரும்பாலும் நல்ல வேலைக்காரர்கள். உத்தரவு போட்ட பிறகு யோசனை சொல்ல அவர்களுக்கு வழியில்லை, அதனால் மௌனமாக மாற்றிச் செய்கிறார்கள். உத்தரவு போடும் முன் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஹவில்தார்?” என்று கேளுங்கள். கேட்டு, முடிவை நீங்கள் எடுங்கள். எடுத்த முடிவை அவர் மாற்றினால் அப்போது கண்டியுங்கள். அதையும் நான்கு சுவருக்குள் செய்யுங்கள்.

ஜே.சி.ஓ.க்களை, அதாவது என்னைப் போல சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் பதவிகளுக்கு உயர்ந்தவர்களை, சாப் என்று அழைக்க உங்களுக்கு அகாடமியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, வெறும் ‘சுபேதார்’ என்று அழைக்கும் இளைஞர்கள் உண்டு. அப்படி அழைக்கப்பட்ட நாளில் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது, சிப்பாய். ஒரு கேப்டனுக்கு சஹாயக்காகப் போட்டிருக்கிறார்கள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, கேப்டனின் குழந்தையை விளையாட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என்று நாள் போகிறதாம். கேப்டன் நல்லவர்தானாம், கடிந்து ஒரு சொல் சொன்னதில்லையாம். பழைய செல்போன் ஒன்றும் கொடுத்திருக்கிறார். அவர் மனைவி இவனுக்கு வயிறாரச் சோறு போடுகிறாராம். ‘நீ யாரிடமும் சொல்லாதே அம்மா’ என்கிறான். எனக்கு மனம் ஆறவில்லை. – ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மனம் சொல்வது சரி.

சஹாயக் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. போர்முனையில் அதிகாரி வரைபடத்தையும் வயர்லெஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குக் காவலாக ஒருவர் பக்கத்தில் வேண்டும். அவருடைய ஆயுதமும் சீருடையும் சாமான்களும் தயாராக இருக்க வேண்டும். அதற்குத்தான் சஹாயக். வெண்டைக்காய் பொறுக்குவதற்கு அல்ல. கடற்படையிலும் விமானப்படையிலும் இந்த ஏற்பாடே கிடையாது. 2008இல் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு, ராணுவத்திலும் இதை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னது. வீட்டு வேலைக்கு ஜவானைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் ராணுவத்தின் நிலையும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், அந்தக் கேப்டன் நல்லவராக இருப்பதுதான். கெட்டவராக இருந்தால் உங்கள் மகன் இதற்குள் வாய் திறந்திருப்பான். வயிறாரச் சோறும் பழைய செல்போனும் வந்த பிறகு ‘இதை நான் செய்ய மாட்டேன் சாப்’ என்று எந்த 21 வயதுப் பையன் சொல்வான்? ‘தம்பி, கொஞ்சம் துணியைப் போட்டுவிடுகிறாயா?’ என்று எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், மறுக்க முடியாதவனிடம் கேட்டால் அது கட்டளைதான். இதை அந்த வீட்டில் யாரும் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நஷ்டம் என்ன தெரியுமா அம்மா? அவன் சிப்பாயிலிருந்து நாயக் ஆக வேண்டுமானால் பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சியில் தேற வேண்டும். மற்ற பையன்கள் துப்பாக்கிச் சூட்டுத் திடலில் இருக்கும் நேரத்தில் இவன் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள். கேப்டனைப் பற்றிப் புகார் எதுவும் தேவையில்லை. பிளாட்டூனின் சுபேதார் சாபிடம் போய், “எனக்கு கேடருக்குத் தயாராக வேண்டும், என்னை பிளாட்டூனுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கட்டும். நல்ல ஜே.சி.ஓ. அந்த ஒரு வரியிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். நான் என் காலத்தில் அப்படி நான்கு பையன்களைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அங்கே நடக்கவில்லை என்றால் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 26ஆவது பிரிவு இருக்கிறது. தனக்கு அநீதி நடந்ததாக எண்ணும் ஜவான் தன் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். அந்த கமாண்டர் மேலேயே குறை என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போகலாம். கேட்டவர் விசாரித்தே ஆக வேண்டும். என்றாவது அந்தக் கேப்டன் கை நீட்டினார் என்றால் அது 47ஆவது பிரிவு. கீழே உள்ளவரைத் துன்புறுத்தும் அதிகாரிக்கு ஏழு ஆண்டு வரை சிறை. ஒன்று மட்டும் வேண்டாம்: செல்போனில் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அப்புறம் பேச்சு அவன் செய்த மீறலைப் பற்றியே நடக்கும்.

கேள்வி: நான் நாயக். வயது 26. எங்கள் யூனிட்டுக்கு வந்திருக்கும் பெண் லெப்டினென்ட்டும் நானும் ஒரே ஊர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். பேசத் தொடங்கி, இப்போது இருவருமே விரும்புகிறோம். ரகசியமாக வைத்திருக்கிறோம். என்ன செய்வது? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, விரும்பியதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஊர் தாண்டி, மொழி தாண்டிப் போன இடத்தில் பள்ளிக்கூடத்து முகம் ஒன்றைப் பார்த்தால் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரகசியத்தைத்தான் எதிர்க்கிறேன்.

உன் லீவு விண்ணப்பம் அவருடைய மேஜை வழியாகப் போகிறது. நாளை உனக்கு லீவு கிடைத்து, உன் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கிடைக்கவில்லை என்றால், அது நியாயமான முடிவாகவே இருந்தாலும் யார் நம்புவார்கள்? விஷயம் வெளியே வரும் நாளில் சுமையும் சமமாக இருக்காது. ராணுவச் சட்டத்தில் ‘பதவிக்குத் தகாத நடத்தை’ என்ற 45ஆவது பிரிவு அதிகாரிகளுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் உரியது. ஒழுங்கு மீறலுக்கான 63ஆவது பிரிவு உன்மீதும் வரலாம், ஆனால் முதலில் அவருடைய தோளில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒரு பெண் அதிகாரி தடுமாறினால் எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பேசும் நாக்குகள் உண்டு. நீ விரும்பும் பெண்ணை அந்த நாக்குகளிடம் கொடுக்காதே.

இன்றிலிருந்து தனிச் சந்திப்பும் இரவுச் செய்திகளும் வேண்டாம். கல்யாணம் வரை போகும் உறுதி இருவருக்கும் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். உறுதி என்றால், அவரே கமாண்டிங் ஆபீசரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, உங்களில் ஒருவரை வேறு யூனிட்டுக்கு மாற்றக் கேட்கட்டும். அவர் போவதுதான் முறை, நீ அல்ல. கடினமான பத்து நிமிடமாக இருக்கும். கமாண்டிங் ஆபீசருக்கு விஷயம் அவர் வாயால் தெரிவதும் மூன்றாம் ஆள் மூலம் தெரிவதும் ஒன்றல்ல. இரு குடும்பத்துக்கும் அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லெப்டினென்ட் என்னிடம் 15,000 ரூபாய் கைமாற்றாக வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. – ஹவில்தார், வேலூர் மாவட்டம்

பதில்: அதிகாரி தனக்குக் கீழே உள்ளவரிடம் கடன் வாங்கவே கூடாது. ஐந்து ரூபாயானாலும் கூடாது. நீங்களும் கொடுத்திருக்கக் கூடாது, ஆனால் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அவரிடம் தனியாக, “சாப், பெண்ணின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், பத்தாம் தேதிக்குள் வேண்டும்” என்று தேதி வைத்துக் கேளுங்கள். அவர் 23 வயதுப் பிள்ளை; மறந்தேகூடப் போயிருக்கலாம். பத்தாம் தேதி தாண்டினால் சுபேதார் சாபிடம் சொல்லிவிடுங்கள். தயங்கினீர்கள் என்றால் அடுத்து அவர் ஒரு சிப்பாயிடம் கேட்பார்.

கேள்வி: ஜவான்கள் இன்ஸ்டாகிராமில் நட்பு அழைப்பு அனுப்புகிறார்கள். ஏற்கலாமா? – லெப்டினென்ட், அசாம்

பதில்: வேண்டாம் சாப். பிளாட்டூன் வேலைக்கு அனுமதிக்கப்பட்ட வழியில் பேசுங்கள், எல்லோரும் இருக்கும் இடத்தில். உங்கள் கல்லூரி நண்பர்களின் கேலிப் பேச்சை உங்கள் சிப்பாய் படிக்கத் தேவையில்லை. அவனுடைய புது மனைவியின் படத்தை நீங்களும் பார்க்கத் தேவையில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறேன். என்னோடு ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்த நண்பன் அதிகாரிப் பயிற்சி முடித்து என் பிளாட்டூனுக்கே கமாண்டராக வந்துவிட்டான். ‘சார்’ என்று அழைக்கும்போது தொண்டையில் அடைக்கிறது. – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்களுக்கு அடைப்பதைவிட அவருக்கு அதிகமாக அடைக்கும், தம்பி. 1967இல் தேசிய சேவை வந்ததிலிருந்து உங்கள் ஊரில் எத்தனையோ நண்பர்கள் இந்த நிலையில் நின்றிருப்பார்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் இருவரும் அதே லிஃப்டில் ஏறப்போகிறீர்கள், அதை நினைத்துக்கொள்ளுங்கள். முகாமின் கேட்டுக்குள் அவர் சார். வெளியே வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழக்கமான கடையில் பரோட்டா தின்னுங்கள். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள்: சனிக்கிழமைக் காவல் டியூட்டி உங்களுக்கு வந்தால், மாற்றித் தரச் சொல்லி அவரிடம் போகாதீர்கள். நீங்கள் கேட்டால் அவரால் மறுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

கேள்வி: என் மகன் அடுத்த மாதம் பரங்கிமலைப் பயிற்சியில் சேர்கிறான். எங்கள் குடும்பத்தில் ராணுவம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவனிடம் நான் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: ஐயா, சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். டேராடூன் அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் பொறித்திருக்கும் வாசகம் இந்திய ராணுவ அதிகாரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். நாட்டின் பாதுகாப்பும் மானமும் முதலில்; உன் கீழ் உள்ளவர்களின் மானமும் நலமும் அடுத்து; உன் சொந்தச் சுகம் எப்போதும் கடைசியில். 1932இல் அந்த அகாடமியைத் தொடங்கிவைத்த பிலிப் செட்வுட் பேசியது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் கேட்கிறேன்: அவன் பெட்டியில் கெட்டி அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு வையுங்கள், சட்டைப் பையில் அடங்குகிற அளவில். பயிற்சி முடிந்து பிளாட்டூன் கையில் வரும் நாளில் அது வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், ஊர், ரத்த வகை, மனைவி மக்கள் பெயர், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, கடைசியாக எப்போது லீவு போனான். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் தற்செயல் லீவும் உண்டு. அதில் யாருக்கு எத்தனை மிச்சம் என்பது அந்த நோட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் பிரியப்பட்டவனுக்கு மட்டும் லீவு போகாது.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்த லெப்டினென்ட் இருந்தார், வடநாட்டுக்காரர். பாரக்கில் யாரோடும் உட்கார்ந்து குடித்ததில்லை. தன் வீட்டுக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் ஆனவரா என்றுகூட எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ஒரு மாலை ரோல் கால் முடிந்ததும் ஒரு சிப்பாயை நிறுத்தி, நோட்டைப் புரட்டி, “ஐப்பசி என்றால் எந்த மாதம்?” என்று என்னிடம் கேட்டார். அக்டோபர் நடுவில் தொடங்கும் என்றேன். “இவன் மனைவிக்குப் பிரசவம் ஐப்பசியில் என்று எழுதியிருக்கிறேன். இன்று தேதி அக்டோபர் 9. இவன் ஏன் இன்னும் இங்கே நிற்கிறான்?” என்றார். அன்றிரவே அவனுக்கு லீவுச் சீட்டு எழுதினோம். பெண் குழந்தை.